மூன்றாவது பெடல்: காண்டெஸாவை முன்வைத்து ஒரு மறுப்பு

1

கியர் போடுவதென்பது ஒரு காலகட்டத்தின் தொழில்நுட்பக் குறைபாடு. குறைபாடு நீங்கிய பின்னும் அதைப் பற்றிக்கொண்டிருப்பது வெறும் பழமைப் பற்று. நண்பர்கள் வட்டத்தில் சில மாதங்களாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வாதம் இது. சொல்பவர்கள் எளிதில் ஒதுக்கிவிடக்கூடியவர்கள் அல்லர். நல்ல வாசகர்கள், ஓரிருவர் அம்பத்தூர், ஆவடித் தொழிற்சாலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஆகவே அந்த வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொண்டுதான் மறுக்க வேண்டியிருக்கிறது.

விவாதத்தைத் தொடங்கி வைத்தது ஒரு கார். அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் செல்லும் வழியில், கள்ளிக்குப்பத்தில் ஒரு பட்டறையின் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் ஹிந்துஸ்தான் காண்டெஸா அது. எங்கள் நண்பர் ஒருவருக்கு அவருடைய தந்தையிடமிருந்து வந்தது. உடல் பெருமளவு நன்றாக இருக்கிறது, எஞ்சின் போய்விட்டது. அதில் டொயோட்டாவின் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினைப் பொருத்தி, இந்தியாவின் ‘மஸில் கார்’ என்று ஊர் சொல்லும் அந்த உருவத்துக்கு உண்மையான தசையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் மகனின் திட்டம். எஞ்சினோடு சேர்ந்து ஒரு ஆட்டோமாட்டிக் பெட்டியும் கிடைக்கிறது. அதையே வைத்துவிடலாம், இந்தக் காலத்தில் யார் கிளச் மிதிக்கிறார்கள் என்பது வட்டத்தில் பெரும்பான்மையோரின் முடிவு.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காருக்குள் எந்த எஞ்சின் போனாலும், கியர் ஓட்டுபவரின் கையில்தான் இருக்க வேண்டும். எஞ்சினின் திறன் கூடக்கூட இந்தத் தேவை குறைவதில்லை, கூடுகிறது. காரணங்களில் ஏக்கத்துக்கு இடமில்லை.

2

முதலில் வரலாறு. அமெரிக்காவில் 1964இல் பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள ஒரு காரின் உடலுக்குள் 389 கன அங்குல எஞ்சினைத் திணித்து ‘ஜிடிஓ’ என்று பெயரிட்டு விற்றது. மஸில் கார் என்ற இனம் அங்கிருந்து தொடங்கியதாகவே பெரும்பாலோர் கொள்கிறார்கள். 1966இல் கிரைஸ்லர் 426 கன அங்குல ஹெமி எஞ்சினைச் சாலைக் கார்களில் வைத்தபோது அதன் திறன் 425 குதிரைத்திறனாகக் குறிப்பிடப்பட்டது. அந்தக் கார்களின் இலக்கணம் எளிமையானது: தேவைக்கு மிஞ்சிய ஆற்றல், அதைத் தாங்கத் தடுமாறும் டயர்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர்.

நம் காண்டெஸாவின் கதை நேர் எதிரானது. பிரிட்டனில் 1970களில் வாக்ஸ்ஹால் விற்ற விஎக்ஸ் வரிசைக் காரின் வார்ப்புகளை வாங்கிவந்து, 1984இலிருந்து வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார் அது. நீண்ட முகப்பு, அகன்ற தோள், பின்சக்கர இயக்கம். ஆனால் அந்த முகப்பைத் திறந்தால் அம்பாஸடரின் 1489 சிசி எஞ்சின்; ஐம்பது குதிரைத்திறன்; நான்கு கியர். சில ஆண்டுகள் கழித்து இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தபோதுதான் வண்டிக்கு மூச்சு வந்தது. அப்போதும் தொண்ணூறு குதிரைத்திறனைத் தொடவில்லை.

இதே விந்தை சென்னையிலும் நடந்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரை வெளியிட்டது. ரோவர் எஸ்டி1 என்ற காரின் உடல். இங்கிலாந்தில் அந்த உடலுக்குள் எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. இங்கே வைக்கப்பட்டதோ பழைய வான்கார்டு காரின் வழிவந்த நான்கு சிலிண்டர். சில ஆண்டுகளில் கார் மறைந்தது, நிறுவனமும் மறைந்தது.

ஆக, இந்தியாவின் மஸில் கார்கள் தசையின் தோற்றத்தைக் கொண்டவை, தசை அற்றவை. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டியது ஓட்டுநரின் கை. பாரம் ஏற்றிய காண்டெஸாவோடு சேர்வராயன் மலை ஏறியவர்களுக்குத் தெரியும்: எந்த வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவது என்பதை வளைவுக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். வளைவுக்குள் போய் யோசித்தால் வண்டி நின்றுவிடும். அமெரிக்கனுக்குக் கியர் மிகுதியை ஆளும் கருவி. நமக்கு அது குறைவைச் சமாளிக்கும் கருவி. இரண்டிலும் கியரை நீக்கிவிட்டுக் காரைப் பற்றிப் பேச முடியாது.

3

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் வேகம். அதை மறைக்காமல் சொல்லிவிடலாம். ஆட்டோமாட்டிக்தான் வேகமானது. இன்று மட்டுமல்ல, மஸில் கார்களின் பொற்காலத்திலேயே அப்படித்தான் இருந்தது. ஹெமி எஞ்சினை வாங்குபவருக்கு நான்கு கியர் கைப்பெட்டி, மூன்று கியர் டார்க்ஃபிளைட் ஆட்டோமாட்டிக் என இரண்டு தேர்வுகள் இருந்தன. கால் மைல் நேர்ப்பந்தயத்தில் ஓடியவர்களில் பலர் டார்க்ஃபிளைட்டையே விரும்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி புறப்படும், கியர் தவறாது. இன்றைய எட்டு கியர் பெட்டிகளோடும் இரட்டைக் கிளச் பெட்டிகளோடும் எந்த மனிதக் கையும் போட்டியிட முடியாது.

சரி, இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? வேகமானதே சிறந்தது என்றால், 1970களின் உடல் கொண்ட ஒரு காரை எதற்காகச் சீரமைக்கிறோம்? இன்று கடையில் வாங்கும் ஒரு நடுத்தர மின்கார் அந்தக் காண்டெஸாவைவிட அமைதியாகவும் வேகமாகவும் புறப்படும், அதில் கியர் மாற்றும் வேலையே இல்லை. வேகத்தை அளவுகோலாக வைத்த உடனேயே பழைய கார் தோற்றுவிடுகிறது. தோற்றுப்போன ஒன்றை லட்சக்கணக்கில் செலவழித்து மீட்டெடுப்பவர், வேறேதோ ஒன்றுக்காகத்தான் அதைச் செய்கிறார். அந்த வேறேதோ என்னவென்று கேட்காமல் ஆட்டோமாட்டிக் பெட்டியைப் பொருத்துவது சிந்தனைச் சோம்பல்.

போர்ஷ நிறுவனம் 2013இல் தன் 911 ஜிடி3 காரை இரட்டைக் கிளச் தானியங்கிப் பெட்டியோடு மட்டுமே வெளியிட்டது. காரணம் தெளிவாக இருந்தது, அது வேகமானது. ஆனால் 2016இல் அதே நிறுவனம் 911 ஆர் என்ற காரைக் கைக்கியரோடு மட்டும் செய்தது. 2017இல் ஜிடி3 காரிலும் கைக்கியரைத் திரும்பக் கொண்டுவந்தது. வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள், மெதுவானது என்று தாமே அறிந்த ஒன்றை மீண்டும் விற்றார்கள். வாங்கியவர்கள் கேட்டது பந்தய முடிவை அல்ல, பந்தயத்தில் தமக்குரிய பங்கை.

நம் நாட்டுக்கு ஃபோர்டு மஸ்டாங் அதிகாரபூர்வமாக 2016இல் வந்தது. ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர், ஏறத்தாழ 400 குதிரைத்திறன். ஆட்டோமாட்டிக் மட்டுமே. இந்திய வாங்குபவர் அதைத்தான் விரும்புவார் என்று யாரோ நமக்காக முடிவெடுத்தார்கள். மஸில் கார் முதன்முறையாக முறைப்படி நம் சாலைக்கு வந்தபோது அதில் மூன்றாவது பெடல் இல்லை. அதைப் பற்றி யாரும் வருந்தியதாகவும் நினைவில்லை.

4

அடுத்த வாதம் வசதி. ஓ.டி. பேருந்து நிலையத்தருகே, பள்ளி விடும் நேரத்தில், ஒரு மணி நேரம் கிளச் மிதித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்கிறார்கள். ஆவடியில் பணியாற்றிய நண்பர் ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், “டேங்க்கே மாறிடுச்சு, உங்க கார் மாறக் கூடாதா?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதற்குப்பின் அங்கே ‘அஜேயா’ என்ற பெயரில் செய்யப்பட்ட டி-72 டாங்கியில் கிளச் பெடல் உண்டு, முன்னோக்கி ஏழு கியர்கள் உண்டு. அதன் எஞ்சின் 780 குதிரைத்திறன். ஆனால் ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கிக்கு 1400 குதிரைத்திறன் எஞ்சினும், ஜெர்மனியின் ரெங்க் நிறுவனத்தின் பாதித் தானியங்கிப் பெட்டியும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 58 டன் எடையை மேடுபள்ளத்தில் ஓட்டும் சிப்பாயின் கவனம் கியரில் இருக்கக் கூடாது, நிலத்திலும் எதிரியிலும் இருக்க வேண்டும். அது முற்றிலும் சரியான முடிவு.

மாநகரப் பேருந்துக்கும் இதையே சொல்வேன். எட்டு மணி நேரம், ஒவ்வொரு நிறுத்தத்திலும், இடது காலையும் இடது தோளையும் தேய்த்துக்கொண்டு வண்டி ஓட்டும் மனிதருக்குத் தானியங்கிக் கியர் என்பது ஆடம்பரம் அல்ல, நீதி. தாழ்தளப் பேருந்துகளில் அது வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். முழங்கால் பழுதுற்றவர், இடது காலை இழந்தவர், அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே தினமும் நெரிசலில் நிற்பவர் எவருக்கும் கிளச்சைப் பரிந்துரைக்கும் அறிவீனம் எனக்கில்லை. 2014இல் மாருதி செலேரியோவோடு ஏஎம்டி பெட்டி மலிவு விலையில் வந்தபோது, பல நடுத்தரக் குடும்பங்களுக்கு அது உண்மையான உதவியாக இருந்தது.

ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் அனைத்துக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். டாங்கியும் பேருந்தும் அலுவலகக் காரும் வேறொரு நோக்கத்துக்கான கருவிகள். போர் வெல்லப்பட வேண்டும், பயணி போய்ச் சேர வேண்டும், வேலைக்கு நேரமாகக் கூடாது. அங்கே ஓட்டுதல் ஒரு செலவு. செலவைக் குறைப்பதே அறிவு. கள்ளிக்குப்பத்துக் காண்டெஸாவில் யாரும் வேலைக்குப் போகப் போவதில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்குச் செங்குன்றம் தாண்டிச் சோழவரம் ஏரிவரை போய்வருவதற்காகச் சீரமைக்கப்படும் கார் அது. அங்கே ஓட்டுதலே நோக்கம். நோக்கத்தையே செலவாகக் கருதிக் குறைப்பவர், புத்தகம் படிப்பதை விரைவுபடுத்துவதற்காகச் சுருக்கத்தை வாங்கிக்கொள்பவரைப் போன்றவர். இலக்கிய வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாவலின் கதைச்சுருக்கம் தெரிந்துவிட்டதால் நாவல் படித்தாயிற்று என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். காரைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் அனைவரும் சுருக்க வாசகர்களாகிவிடுகிறோம்.

சோழவரம் என்றதும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில்தான் பல பத்தாண்டுகள் சென்னையின் கார், மோட்டார்சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்தபின் அது நின்றது. மேற்குச் சென்னையின் பட்டறைகளுக்கும் அந்த ஓடுதளத்துக்கும் தொலைவு அதிகமில்லை. இந்தப் பகுதிக்கு வேகம் புதியதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். பழைய வண்டியை வேகமாக்குவது இங்கே நேற்று முளைத்த பணக்காரப் பொழுதுபோக்கு அல்ல.

5

இனி, கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். ஆற்றல் கூடும்போது கைக்கியர் ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது?

அந்த டொயோட்டா எஞ்சின் 280 குதிரைத்திறன் தரும் வகை. காண்டெஸாவின் பின் அச்சு ஒரே குழாயாக அமைந்த பழைய வகை. சக்கரம் வழுக்கினால் தடுக்க மின்னணு ஏற்பாடு எதுவும் இல்லை. அந்த எஞ்சினுக்குப் பின்னால் ஆட்டோமாட்டிக் பெட்டியை வைத்து, மழை நின்ற ஈரச் சாலையில், ஒரு வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்தினால் என்ன ஆகும்? கூடுதல் இழுவை கேட்கப்படுகிறது என்று பெட்டி புரிந்துகொண்டு ஒரு கியரோ இரண்டு கியரோ கீழே இறங்கும். பின்சக்கரங்களுக்கு முறுக்குவிசை ஒரே கணத்தில் பெருகும். வளைவு எங்கே முடிகிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. சாலை ஈரமென்பதும் தெரியாது. ஓட்டுபவருக்கு இரண்டும் தெரியும், ஆனால் முடிவு அவரிடம் இல்லை. இன்றைய கார்களில் இந்தத் தவறை மின்னணுக் கட்டுப்பாடுகள் திருத்திவிடுகின்றன. 1970களின் உடலில் திருத்துவதற்கு யாரும் இல்லை.

கைக்கியரில் வளைவுக்கு முன்பே கியர் தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. வளைவுக்குள் நம்மைக் கேட்காமல் எதுவும் மாறாது. மீறிப் பின்புறம் வழுக்கினால் இடது காலை அழுத்தினால் போதும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்குமான உறவு அந்தக் கணமே அறுந்துவிடும். கிளச் என்பது வண்டியைப் புறப்படச் செய்யும் கருவி மட்டுமல்ல, ஆற்றலைத் துண்டிக்கும் உரிமையும் அதுதான். ஐம்பது குதிரைத்திறன் வண்டியில் அந்த உரிமை இல்லாமற்போனால் பெரிய இழப்பில்லை. 280 குதிரைத்திறனில் அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஆட்டோமாட்டிக்கின் டார்க் கன்வெர்ட்டர் ஆற்றலை மென்மையாகக் கடத்துகிறது, ஆகவே புறப்படும்போது சக்கரம் வழுக்குவது குறைவு என்பார்கள். உண்மை. புறப்படும்போது. அபாயம் பெரும்பாலும் புறப்படும்போது வருவதில்லை.

6

அந்தப் பட்டறையின் மெக்கானிக்கிடம் இதைப் பற்றிக் கேட்டேன். முப்பது ஆண்டுகளாக இதே தொழில். பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “இந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் சார். கெட்டா பிரிச்சு மாட்டிடுவேன். அந்தப் பொட்டி கெட்டா வேற பொட்டிதான் வாங்கணும்” என்றார். இந்த மூன்று வாக்கியங்களில் ஒரு முழுப் பொருளாதாரம் இருக்கிறது.

1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1964இல் தொழிற்பேட்டை உருவானது. இவற்றைச் சுற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்தது ஒரு கைத்திறன் உலகம். ஒரு கியர்ச் சக்கரத்தின் பல் உடைந்தால், மாதிரியை எடுத்துக்கொண்டு போய், ஈஎன் 353 போன்ற எஃகில் புதிதாகக் கடைந்து, ஹாப்பிங் எந்திரத்தில் பல் வெட்டி, உலையில் மேற்பரப்பைக் கடினமாக்கி, அரைத்து வாங்கிவர இயலும். பேரிங்கின் எண்ணைச் சொன்னால் கடையில் எடுத்துத் தருவார்கள். சிங்க்ரோ வளையத்தின் தேய்மானத்தைக் கோனில் அழுத்திப் பார்த்து, இடைவெளியைக் கொண்டே சொல்லிவிடும் விரல்கள் இருக்கின்றன. ஒரு கைக்கியர் பெட்டியின் ஒவ்வோர் உறுப்பையும் அம்பத்தூரைச் சுற்றியுள்ள சில மைல்களுக்குள் பழுதுபார்க்கலாம், தேவையானால் செய்துகொள்ளவும் செய்யலாம்.

வெளிநாட்டுப் பழைய காரிலிருந்து கழற்றப்பட்ட ஓர் ஆட்டோமாட்டிக் பெட்டியின் நிலை என்ன? உள்ளே எண்ணெய் அழுத்தத்தை வழிநடத்தும் நுண்வழிகள் நிறைந்த வால்வுத் தொகுதி, கிளச் தட்டு அடுக்குகள், மின்வால்வுகள், அதை ஆளும் மின்னணுப் பெட்டி. ஒன்று பழுதானால் எதுவென்று கண்டுபிடிக்கவே வேறு கருவி தேவை. உதிரி உறுப்பு கடல் கடந்து வர வேண்டும். வந்து சேரும்வரை கார் தகரக் கொட்டகைக்குள் நிற்கும். கைவிடப்பட்ட சீரமைப்புகள் பெரும்பாலும் இவ்வாறுதான் கைவிடப்படுகின்றன. பணமில்லாமல் அல்ல, ஓர் உறுப்பு இல்லாமல்.

ஒரு பொருளை நாம் சொந்தம் கொள்வது அதை வாங்குவதால் மட்டும் நிகழ்வதில்லை. அதைத் திறந்து பார்த்து, பழுது நீக்கி, மீண்டும் மூடத் தெரிந்தவர் நம் ஊரில் இருக்கும்வரைதான் அது நம்முடையது. அந்தத் திறன் மறைந்துகொண்டிருக்கிறது. பழைய காரைச் சீரமைப்பவர் அதற்கு வேலை கொடுக்கும் கடைசிச் சிலரில் ஒருவர். அவரும் மூடிய பெட்டியை வாங்கிவந்து வைத்தால், எதைத்தான் சீரமைத்தார்?

7

இலக்கிய வாசகர்களிடம் பேசுவதால் மொழியைப் பற்றி ஒரு சொல். கலைச்சொல் அகராதிகளில் ‘பற்சக்கரம்’ என்றும் ‘பல்லிணை’ என்றும் இருப்பவை பட்டறைக்குள் நுழையவில்லை. பட்டறை தன் தமிழைத் தானே உண்டாக்கிக்கொண்டது. கியர் ‘விழவில்லை’, கிளச் ‘பிடிக்கவில்லை’, வண்டி ‘இழுக்கிறது’, ‘திணறுகிறது’, ‘மூச்சு வாங்குகிறது’. பெயர்ச்சொற்கள் ஆங்கிலம், வினைகள் அனைத்தும் தமிழ். அந்த வினைகள் எல்லாமே உடலிலிருந்து வந்தவை. கையும் காலும் எந்திரத்தோடு நேரடியாகத் தொடர்பு கொண்டிருந்ததால் எந்திரத்துக்கு உடலின் மொழி கிடைத்தது. ஆட்டோமாட்டிக்கின் மொழியில் வினை இல்லை. ‘டி’யில் வைத்தால் போகும். பழுதானால் ஒரு விளக்கு எரியும்.

தமிழில் நிலத்தை உழும் கையைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. நெய்யும் கையைப் பற்றியும் உண்டு. எந்திரத்தில் பணிசெய்யும் கையைப் பற்றி எழுதப்பட்டவை அவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு. எந்திரம் என்றால் அது மனிதனை அடிமைப்படுத்துவது என்ற ஒற்றை வாய்ப்பாட்டைக் கடந்து நாம் யோசிக்கவில்லை. எந்திரங்களுக்குள்ளும் கையை ஏற்கும் எந்திரம், கையை விலக்கும் எந்திரம் என்ற வேறுபாடு உண்டு. கைக்கியர் முதல் வகை. இந்த வேறுபாட்டைக் காணாமல் எல்லாமே ‘தொழில்நுட்ப வளர்ச்சி’ என்று ஏற்பதும், எல்லாமே ‘எந்திர மயம்’ என்று மறுப்பதும் ஒரே அலட்சியத்தின் இரு முகங்கள்.

8

என் பக்கம் நிற்பவர்களில் சிலரையும் மறுக்க வேண்டியிருக்கிறது. ‘கியர் வண்டிதான் ஆம்பளை வண்டி’ என்று முழங்குபவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பிதற்றல்தான் கைக்கியரின் முதல் எதிரி. 1993இலேயே தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார் வசந்தகுமாரி. அந்தப் பேருந்தின் நெடிய கியர்த் தண்டும் இறுகிய கிளச்சும் எந்தக் காண்டெஸாவையும்விடக் கடினமானவை. கியர் போடுவது வீரமன்று, பழக்கம். பழக்கத்தால் கூர்மையாகும் கவனம். அதற்குப் பாலினம் இல்லை.

‘அந்தக் காலம் போல வருமா’ என்று கண்ணீர் விடுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்துக் காண்டெஸாவின் பிரேக் இன்றைய சாலைக்குப் போதாது. எஞ்சினை மாற்றுவதற்கு முன் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

9

சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்டி தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே பொதுச்சாலையில் ஓடும் காருக்கு என் முதல் பரிந்துரை, இசுசு எஞ்சினையே தேடிப்பிடித்துப் புதுக்குவது. அதன் ஐந்து கியர் பெட்டியோடு. அதன்பின் 2021இல் வந்த பழமை வாகன விதி ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவெண் தருகிறது. சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. முதல் காண்டெஸாக்கள் அந்த வயதை 2034இல் எட்டும். பருத்த ஆட்டோமாட்டிக் பெட்டிக்காகத் தரைத்தகட்டின் நடுமேட்டை இன்று வெட்டுபவர், மகனுக்குரிய ஒன்றைச் சேர்த்துத்தான் வெட்டுகிறார்.

பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று முடிவுசெய்து பெரிய எஞ்சினையே வைப்பதானால், கைக்கியரைத் தேர்வதற்குச் சில நெறிகள் உண்டு. முதலாவது, குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், முறுக்குவிசையைப் பாருங்கள். பல்லை உடைப்பது அதுதான். அந்த டொயோட்டா எஞ்சின் 360 நியூட்டன் மீட்டருக்கு மேல் தருகிறது. இசுசு அதில் பாதியும் தந்ததில்லை. ஆகவே பழைய பெட்டி தாங்காது. அதே எஞ்சினுக்காக டொயோட்டாவே பயன்படுத்திய ஆர்154 என்ற ஐந்து கியர்ப் பெட்டி இயல்பான தேர்வு.

இரண்டாவது, விகிதம். வலுவான எஞ்சினுக்குத் தாழ்ந்த முதல் கியர் வேண்டியதில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் மன்ஸி பெட்டிகளில் எம்20இன் முதல் கியர் விகிதம் 2.52, எம்21இல் 2.20. வலிமையான எஞ்சினுக்கு இரண்டாவதே பொருந்தியது. காண்டெஸாவின் பின் அச்சு பலவீனமான எஞ்சினுக்காகக் கணக்கிடப்பட்டது. அதை அப்படியே வைத்தால் முதல் கியர் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். கிரவுன், பினியனையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, சத்தத்துக்கு அஞ்ச வேண்டாம். மன்ஸியின் எம்22 பெட்டியைப் ‘பாறை நொறுக்கி’ என்று அழைத்தார்கள். பற்களின் சாய்வைக் குறைத்ததால் பக்கவாட்டு அழுத்தம் குறைந்து வலிமை கூடியது, கூடவே ஓசையும் கூடியது. வலிமைக்கு ஒரு விலை உண்டு. நான்காவது, பொருத்தமான டயஃப்ரம் கிளச்சும் சரியான அளவுள்ள ஹைட்ராலிக் சிலிண்டரும் அமைந்தால் பெடல் அவ்வளவு கனக்காது. கிளச் கனம் என்று புலம்புபவர்களில் பலர் தவறாகத் தேர்ந்த கிளச்சை மிதித்தவர்கள். கடைசியாக, கியர்த் தண்டு பழைய துளையின் வழியாகவே மேலே வர வேண்டும். அதற்கேற்பப் பெட்டியின் இடத்தையும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் அமைப்பது மெக்கானிக்கின் வேலை. அவருக்கு அது தெரியும்.

10

காண்டெஸாவின் உற்பத்தி 2002இல் நின்றது. உத்தர்பாரா ஆலை 2014இல் மூடப்பட்டது. காண்டெஸா என்ற பெயரே 2022இல் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருக்கும் கார்கள் எஞ்சியிருப்பவை மட்டுமே. அவற்றில் ஒவ்வொன்றிலும் எடுக்கப்படும் முடிவு, அந்தக் கார் என்னவாக நினைவில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. வெளியே காண்டெஸாவின் தகடு, உள்ளே எல்லாவற்றையும் தானே முடிவுசெய்யும் ஒரு பெட்டி என்பது சீரமைப்பு அல்ல. அது ஒரு தோற்றத்தைப் பாடம்செய்து வைப்பது.

மாற்றுத்தரப்பு நண்பர்கள் இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் வேகம், வசதி என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டாம். அவ்விரண்டையும் நான் முன்பே அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். அவை போக மிச்சமிருப்பதைப் பற்றிப் பேசலாம்.